கம்பியைச் சுழற்றாதீர்கள்

எட்டுக் கம்பி, இருபத்திரண்டு பொம்மை, ஒரு குட்டிப் பந்து. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கும் ஐ.டி. அலுவலகங்களில் எங்காவது ஒரு மூலையில் ஃபூஸ்பால் என்கிற மேசைக் கால்பந்து ஆடும் மேசை கிடக்கும். ஆள் எடுக்கும் விளம்பரத்தில் அதன் படத்தைப் போடுவார்கள். சேர்ந்த பிறகு அதில் ஆடினால் மேனேஜர் முறைப்பார். அந்த முறைப்புக்கு நடுவே நாங்கள் ஆடிய ஆட்டத்தில் ஒரே ஓர் உத்திதான்: கண்ணை மூடிக்கொண்டு கம்பியைச் சுழற்றுவது. பந்து எங்கே போகும் என்று எங்களுக்கும் தெரியாது, எதிராளிக்கும் தெரியாது. முழுச் சமத்துவம் நிலவியது.

பிறகு ப்ராஜெக்ட் என்னை ஹாம்பர்க்கில் கொண்டுபோய் இறக்கியது. ஜெர்மனியில் இந்த ஆட்டத்தைக் கிக்கர் என்கிறார்கள். கால்பந்துக்கு இருப்பதுபோல இதற்கும் பண்டஸ்லிகா என்ற லீக் உண்டு. 2017இல் உலகக் கோப்பையே ஹாம்பர்க்கில்தான் நடந்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம், அலுவலகத்துக்குப் பக்கத்து மதுக்கடையில் வியாழக்கிழமைதோறும் போட்டி, புதியவர்களும் வரலாம் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதம் மட்டுமே. கேரமில் உலகச் சாம்பியனான மரிய இருதயத்தின் ஊர்க்காரன் நான். மணிக்கட்டு பேசுகிற ஆட்டம் எதுவானாலும் நமக்குக் கைவரும் என்று ஒரு தெம்பு. சில யூரோக்களைக் கட்டிப் பெயரைக் கொடுத்தேன்.

எதிரே நின்ற பெண்மணிக்கு என் அம்மா வயது இருக்கும். ஒரு கையில் மட்டும் உறை. பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, கம்பிகளில் சிலிகான் எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். கேரம் போர்டுக்குப் பவுடர் போடும் சீனியர்களின் அதே முகபாவம். அப்போதே நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். நடுக்கம்பியில் ஐந்து பொம்மைகள், அவற்றில் நடுப்பொம்மையின் காலடியில் பந்தை வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்து, “ரெடி?” என்றார். மரியாதைக்குக் கேட்கிறார் போலிருக்கிறது என்று சிரித்து வைத்தேன். மறுபடியும் “ரெடி?” மறுபடியும் சிரித்தேன். நாம் வாயைத் திறந்து “ரெடி” என்று சொல்லாமல் பந்து நகராது என்பது விதி. கடைசியில், என்னோடு ஜோடி சேர்ந்து ஆடிய கூட்டாளி எனக்காகப் பெருமூச்சு விட்டுவிட்டு, சொல்லச் சொன்னார்.

பந்து ஒருவழியாக என் பக்கம் வந்தது. பழக்கதோஷத்தில் சுழற்றினேன். கோல்! ஒருவரும் கைதட்டவில்லை. அந்த அம்மாள் அமைதியாகப் பந்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பந்தை அடிப்பதற்கு முன்னாலோ பின்னாலோ கம்பி 360 டிகிரிக்கு மேல் சுற்றினால் அந்தக் கோல் செல்லாது. அப்படிச் சுழற்றி நம் கோலிலேயே நாம் போட்டுக்கொண்டால் மட்டும் அது எதிராளிக்குச் செல்லும். விதி எழுதியவர்கள் என்னை மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

சுழற்றக் கூடாது என்றால் வேறு என்னதான் செய்வது? சும்மா இருப்பது. இந்த ஆட்டத்தில் கைதேர்ந்தவர்கள் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறார்கள். முன்வரிசையில் மூன்று பொம்மைகள் உள்ள கம்பியில் பந்தை வைத்துக்கொள்ள 15 நொடி, ஐந்து பொம்மைக் கம்பியில் 10 நொடி. பதினைந்து நொடி என்றால் ஏதோ கொஞ்சம் என்று நினைப்பீர்கள். எதிரே கோல் காக்கிறவனாக நின்று பார்க்க வேண்டும். அந்த அம்மாள் நடுப்பொம்மையின் கால் நுனியால் பந்தை அழுத்திப் பிடித்திருந்தார். அவர் கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை. மணிக்கட்டின் உட்புறத்தை அதன்மேல் லேசாகச் சாய்த்து வைத்திருந்தார், அவ்வளவுதான். நான் என் பொம்மைகளை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் என் பொம்மைகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கு வியர்த்தது. மூக்கு அரித்தது. மூக்கைச் சொறிவதற்காகக் கையை எடுத்தேனோ இல்லையோ, ‘டக்’ என்று ஒரு சத்தம். பந்தைப் பார்க்கவே இல்லை. என் கோலுக்குள் இருந்து சத்தம் மட்டும் வந்தது.

இதற்கு அமெரிக்காவில் பாம்பு ஷாட் என்று பெயர், ஜெர்மனியில் ஜெட். பந்தைப் பக்கவாட்டில் நகர்த்திய கையோடு மணிக்கட்டை மேலே வெட்டி இழுக்க, கைப்பிடி உள்ளங்கைவரை உருளும். பொம்மை பின்பக்கமாகச் சுற்றி வந்து பந்தை அறையும். கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்றுதான்! ஆனால் 360 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, எனவே சட்டப்படி சுத்தம். நான் சுழற்றினால் குற்றம், அவர் சுழற்றினால் கலை. நல்ல வக்கீலாகப் பார்த்து விசாரிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒற்றை ஆளாகத் தோற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அங்கே நடப்பது இரட்டையர் ஆட்டம். கூட்டாளி யார் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அதிலும் மான்ஸ்டர் என்றொரு முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குலுக்கல், புதுக் கூட்டாளி. புதியவர்களும் பெரிய ஆட்டக்காரர்களோடு சேர்ந்து ஆடிப் பழகட்டும் என்ற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தின் பலனை அன்றிரவு அந்த அறையில் ஏகப்பட்ட பேர் முறைவைத்து அனுபவித்தார்கள். மடிக்கணினியில் அடுத்த சுற்றின் ஜோடிகள் வரும்போதெல்லாம் எல்லோரும் திரையைச் சூழ்ந்துகொள்வார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் இல்லை என்று தெரிந்தவர்கள் பீர் வாங்கப் போவார்கள். மிச்சம் நிற்பவர்தான் என் கூட்டாளி. கைகொடுத்து, “பரவாயில்லை, ஜாலியாக ஆடலாம்” என்பார். நான் இன்னும் ஒரு பந்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன்.

அப்படி வாய்த்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆசிரியர் எந்த ஊரிலும் ஆசிரியர்தான். “அடிக்காதே, முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்” என்றார். பந்து வரும்போது பொம்மையை லேசாகச் சாய்த்து அதன் வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஐந்து பொம்மைக் கம்பியிலிருந்து முன்கம்பிக்கு ஒழுங்காகப் பந்தைக் கடத்தத் தெரிந்தாலே பாதி ஆட்டம் கைக்கு வந்த மாதிரியாம். தோற்ற பிறகு, ஆறுதலுக்கோ என்னவோ, சரித்திரமும் சொன்னார். இங்கிலாந்தில் ஹரால்ட் தார்ன்டன் என்பவர் 1920களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஸ்பெயின்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கணக்கில் இதைக் கண்டுபிடித்தவர் அலெஹாந்த்ரோ ஃபினிஸ்டெர்ரே என்ற கவிஞர். உள்நாட்டுப் போரில் குண்டுவீச்சில் காயப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, கால் இழந்து கால்பந்து ஆட முடியாமல் போன குழந்தைகளுக்காக யோசித்தாராம். 1937இல் பார்சிலோனாவில் காப்புரிமையும் பதிந்தார். பிரான்சுக்குத் தப்பி மலையைத் தாண்டியபோது அந்தக் காகிதங்கள் மழையில் நனைந்து வீணாகிவிட்டன என்பது கதை. கேட்டு மனம் கனத்தது. கனத்த மனத்தோடு ஆடி அடுத்த ஆட்டத்தையும் தோற்றேன்.

இங்கே மதுக்கடைகளில் சும்மா ஆடும்போது ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றவர்கள் மேசைக்கு அடியில் தவழ்ந்து மறுபக்கம் போக வேண்டும். போட்டியில் அது கிடையாது என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. சர்வதேச விதிகள் என்று ஒன்று இருப்பதன் அருமை அப்போதுதான் புரிந்தது.

நள்ளிரவில் வீட்டுக்கு வந்தால் மனைவி விழித்திருந்தாள்.

“ஜெயிச்சா என்னங்க குடுப்பாங்க?”

“அமெரிக்காவுல 1970கள்ல பெப்பார்டுன்னு ஒருத்தர் ஊர் ஊரா போட்டி நடத்தினார். பரிசு மட்டும் பத்து லட்சம் டாலர்.”

“சரி, இங்க என்ன குடுப்பாங்க?”

“எல்லாரும் கட்டின காசுல கொஞ்சம். அப்புறம் ஒரு பீர்.”

“நீங்கதான் பீரே குடிக்க மாட்டீங்களே.”

“அதான் ஜெயிக்கலை.”

அவள் அசரவில்லை. “எத்தனாவது வந்தீங்க?”

இதை எதிர்பார்த்துத்தான் தரவரிசையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். காட்டினேன். கடைசி இல்லை, கடைசிக்கு முந்தின இடம். எனக்குக் கீழே ஒரு பெயர் தெளிவாக இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்து, பாதி ஆட்டத்தில் கிளம்பிப் போனவர் அவர். அந்த விவரத்தையும் நானே சொல்லித் தொலைத்தேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அடுத்த வாரம் அவர் வருவாரா?”