கங்காணி ஆன்லைனுக்கு வந்த கதை

2023 ஜூலை கடைசியில் மேல் வளையமாதேவி வயல்களுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் வரிசைகட்டி இறங்கின. நெய்வேலி நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டவேண்டுமாம். வளர்ந்து நின்ற நெல்லின் மேலேயே வெட்டினார்கள். போலீஸ் வளையத்துக்கு இந்தப் பக்கம் ஊர் ஜனம் வாயடைத்து நின்றது. அந்த நேரம் பார்த்து என் செல்போன் துள்ளியது. பெங்களூரிலிருந்து ஒரு ரெக்ரூட்டர். ஹாய், உங்கள் புரொஃபைல் எங்களை மிகவும் கவர்ந்தது, ரீலொகேட் ஆகத் தயாரா?

பக்கத்தில் நின்ற சித்தப்பா என்னவென்று கேட்டார்.

“ஊரை விட்டுப் போகச் சம்மதமான்னு கேக்குறான் சித்தப்பா.”

“இவனாச்சும் கேக்குறானே” என்றார்.

அந்த நிலமெல்லாம் எப்போதோ கையகப்படுத்தி, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். பயிர் அழிந்த காட்சி வேதனை தந்தது என்று சொன்ன உயர் நீதிமன்ற நீதிபதி தண்டபாணி, பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னார். அது ஊரறிந்த வழக்கு. எனக்கு அன்றிலிருந்து குடைந்துகொண்டிருப்பது அந்த ரெக்ரூட்டரின் கேள்விதான். இதே கேள்வியை இதே குழைவோடு இதற்கு முன்னால் நம் ஆட்களிடம் யார் கேட்டது?

கேட்டவர் தலைப்பாகை கட்டியிருந்தார். கங்காணி என்று பெயர். தமிழ்நாடு கண்ட முதல் ஹெச்.ஆர்.

இலங்கையில் காப்பித் தோட்டமும் பின்னால் தேயிலைத் தோட்டமும் போட்ட வெள்ளைக்காரனுக்கு நம்மூர்க்காரனிடம் நேரடியாகப் பேசத் தெரியாது. அதனால் நம்மூர்க்காரனையே கோட்டு மாட்டி அனுப்பினான். கங்காணி வந்து இறங்கிய இடம் தெரு முக்கு, கோயில் திட்டு, சாராயக்கடை வாசல். நாலு பேர் கூடுகிற இடம்தான் அவருக்கு ஆபீஸ். வந்தவுடன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மாப்பிள்ளை, மச்சான், பங்காளி என்று முறை வைத்து, யார் வீட்டில் கடன், யார் வீட்டில் கல்யாணம் என்று விசாரித்து, முன்பணத்தை மெதுவாக எடுப்பார். தேயிலைச் செடியைத் தூரோடு தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்களாம். நம்பிப் போனவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இலவசச் சாப்பாடும் டேபிள் டென்னிஸும் உண்டு என்றதும் ஓ.எம்.ஆர். போய்ச் சேர்ந்தவன் நான். நாலு வருடத்தில் அந்த மட்டையைத் தொட்டது இரண்டே தடவை.

கங்காணியின் வருமானம் தலைக்காசு. அவர் கூட்டிவந்த ஆள் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்குக் காசு. இன்றைக்கு அதற்கு ரெஃபரல் போனஸ் என்று பெயர். காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஆறு வருடம் மூச்சு விடாத நண்பன் திடீரென்று ‘டேய் மச்சி, எப்படிடா இருக்க?’ என்று கேட்டால், அவன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அறிக.

அடுத்தது துண்டு. தோளில் போடுகிற துண்டு இல்லை. தொழிலாளி எவ்வளவு கடன் வைத்திருக்கிறான் என்று துரை எழுதிக்கொடுக்கிற சீட்டு. அந்தத் தொகையைக் கட்டுகிற எஸ்டேட் ஆளைக் கூட்டிப் போகலாம். 1921ல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். எங்கே ஒழிந்தது? நோட்டீஸ் பீரியட் 90 நாள், முன்னாடியே போகவேண்டுமென்றால் பணம் கட்டு, புதுக் கம்பெனிக்காரன் பைஔட் கொடுப்பான் என்கிறார்களே, அந்தத் துண்டுக்கு ஏ.சி. போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1901 வாக்கில் தகரச் சீட்டு வேறு வந்தது. எந்த எஸ்டேட்டுக்குப் போகிற ஆள் என்பதற்கான எண் அதில் பொறித்திருக்கும். நம் கழுத்தில் தொங்குகிற டேகில் போட்டோவும் இருக்கிறது. முன்னேற்றம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மண்டபத்தில் முகாம் வைத்து நோய் நொடி பார்த்துக் கப்பலேற்றினார்கள். மலேயாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து போனார்கள். 1938ல் இந்திய அரசு மலேயாவுக்கு ஆள் கட்டி அனுப்புவதைத் தடுத்ததும் கங்காணி தலைப்பாகையைக் கழற்றினார். ஓய்வெடுத்தார் என்று பாடப்புத்தகம் நினைக்கிறது.

இதற்கிடையே எங்கள் பக்கத்தில் ஒரு விநோதம். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியில் தண்ணீருக்குத் துளை போட, கறுப்பாக என்னவோ வந்தது. மற்ற ஊர்க்காரன் கம்பெனியைத் தேடிக் கடல் தாண்டினான். எங்களுக்குக் கம்பெனி காலடியிலேயே படுத்திருந்தது. 1956ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது, ஜெர்மன் இயந்திரம் வந்தது, சோவியத் உதவியில் மின் நிலையம் வந்தது. சுற்றுவட்டாரத்தில் பிறந்த ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் ‘உள்ள போயிடுவான்’ என்று ஜாதகம் கணித்தார்கள். உள்ளே என்றால் ஜெயில் இல்லை, சுரங்கம். வேலைவாய்ப்பு அலுவலக அட்டையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார் அப்பா. இப்போது நான் லிங்க்ட்இன் புரொஃபைலைப் புதுப்பிக்கிறேன். பின்னால் சொருகச் சாமி படம் இல்லாததுதான் குறை.

கங்காணி திரும்பி வந்தது 1997ல். அதற்கு இரண்டு வருடம் முன்னால், சுதந்திர தினத்தன்று, வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. ஹார்லிக்ஸ் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த சஞ்சீவ் பிக்சந்தானிக்கு ஒரு காட்சி மறக்கவில்லை. ஆபீஸில் பத்திரிகை வந்தால் எல்லோரும் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்கள், வேலை விளம்பரம் அங்கே இருந்ததால். இருக்கிற வேலையில் திருப்தியாக இருக்கிறவனும் வேறு வேலையை எட்டிப் பார்ப்பான் என்கிற மாபெரும் மனித உண்மையை வைத்து அவர் தொடங்கியதுதான் நௌக்ரி.காம். 1965ல் இந்தியை எதிர்த்துத் தீக்குளித்த மாநிலம், பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் ‘நௌக்ரி’யை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டது. அண்ணா இருந்திருந்தாலும் மன்னித்திருப்பார். அமெரிக்கா 2001 முதல் மூன்று வருடம் எச்1பி விசாவை ஆண்டுக்கு 1,95,000 என்று ஏற்றியபோது, மண்டபம் முகாம் ஜெமினி மேம்பாலத்தடிக் கான்சுலேட் வாசலில் மறுபடி முளைத்தது.

ஆனால் கங்காணியின் பரம்பரைக் குணம், நாலு பேர் கூடும் இடத்துக்குத் தானே போவது. யாகூ குரூப்ஸில் கூடினோம், ‘அர்ஜென்ட் ரிக்வயர்மென்ட்’ என்று வந்தார். டவுன்ஷிப் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துத் திறந்தால், அந்த மெயில் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அர்ஜென்ட் மட்டும் அப்படியே இருக்கும். 2004ல் ஆர்குட் வந்தது, அங்கே ஸ்கிராப் எழுதினார்கள். எங்கள் ஊரில் ஸ்கிராப் என்றால் கழித்துப்போட்ட இரும்பு. பின்னாளில் இரண்டும் ஒன்றுதான் என்று புரிந்தது. 2008ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஜாவாவைப் பற்றிக் கேள்வி ஒன்றுக்கு ராத்திரி கண்விழித்து நான் பதில் எழுத, காலையில் ‘உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் புலமை கண்டு வியந்தோம்’ என்று மெயில். ஆட்டுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் என்ன உறவோ அதுதான் இரண்டுக்கும். இதில் உலக சாதனை 2020ல் நிகழ்ந்தது. ஃபாஸ்ட்ஏபிஐ என்கிற மென்பொருளில் நான்கு வருட அனுபவம் வேண்டும் என்று ஒரு விளம்பரம் வந்தது. அதை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸே, நான் இதை எழுதி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, எனக்கும் தகுதியில்லை என்று பதிவு போட்டார்.

விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணினி கற்றுத்தருகிறார்கள். அங்கே சீனியர்தான் ஜூனியரைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறான். கங்காணியில் நல்ல கங்காணியும் உண்டு என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கெட்டது மியான்மரில் இருந்தது. 2022ல் தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் போட்டு, கணினி தெரிந்த பையன்களை வரவழைத்து, எல்லை தாண்டி மியாவாடிக்குக் கடத்தி, துப்பாக்கி முனையில் ஆன்லைன் மோசடி செய்யவைத்தார்கள். செப்டம்பர் 24 அன்று வெளியுறவுத் துறை எச்சரித்தது. அக்டோபர் தொடக்கத்தில் தமிழர் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை. தேங்காய் மாசிக் கதை சாகவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

நான் ஏமாந்தது அந்த அளவுக்கு இல்லை. பேஸ்புக் குரூப்பில் ‘பிரதர்’ என்று ஆரம்பித்த ஒருவர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 3,000 ரூபாய் என்றார். கட்டினேன். அப்புறம் பிரதரும் இல்லை, குரூப்பும் இல்லை. அப்பாவிடம் சொல்லவே இல்லை. அவருடைய அட்டைக்குக் காசு கேட்டதில்லை என்று ஆரம்பிப்பார்.

அன்றைக்கு வரப்பில் நின்றபடியே பெங்களூருக்குப் பதில் போட்டேன். சம்மதம், எப்போது வேண்டுமானாலும் வருகிறேன், இமீடியட் ஜாய்னர். மறுநாள் காலையில் பதில் வந்தது. சாரி, அந்தப் பொசிஷன் இப்போது ஹோல்டில் இருக்கிறது.

ஹோல்டு என்றால் என்னவென்று கேட்டார் சித்தப்பா. வேலையை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

“அப்படியா? இந்த வாய்க்காலுக்கு ஹோல்டு போட யாருக்கு மெயில் அனுப்பணும்?”