செடுனாவில் சிக்கிய கதை

செடுனா, தெற்கு ஆஸ்திரேலியா
ஏப்ரல் கடைசி

அன்புள்ள அக்காவுக்கு,

பெர்த்திலிருந்து கிளம்பும்போது, அடிலெய்டு போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு உனக்கு எழுதுவதாக எண்ணம். அடிலெய்டுக்கு இன்னும் 780 கிலோமீட்டர் இருக்கிறது. பின்னால் இழுத்து வந்த கேரவனின் சக்கரத்தில் பேரிங் தீய்ந்து புகை கிளம்பிவிட்டது. அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம். மெக்கானிக் சக்கரத்தை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்து, "சாமான் அடிலெய்டிலிருந்து வரணும், திங்கட்கிழமை கேட்டுச் சொல்றேன்" என்றார். கேட்டுச் சொல்லத்தான் திங்கட்கிழமை! வந்த பேரிங்கும் அளவு சேராமல் திரும்பிப் போய், இப்போது அதன் தம்பி வந்துகொண்டிருக்கிறது.

வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். நல்லார்பார் வெளியில் பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவில் 146.6 கிலோமீட்டருக்கு ரோட்டில் ஒரு வளைவு கிடையாது. உன் தம்பி மனைவி செல்வி ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "இன்னும் இங்கேயேதான் நிற்கிறோமா?" என்றாள். அப்புறம், ஒட்டகம், வாம்பட், கங்காரு மூன்றும் குறுக்கே வரலாம், அடுத்த 96 கிலோமீட்டருக்கு ஜாக்கிரதை என்று ஒரு மஞ்சள் பலகை. ஒன்றாவது வரவேண்டுமே!

செடுனாவில் நுழையுமுன் சோதனைச் சாவடி. கஞ்சா, கள்ளச்சாராயம் தேட இல்லை அக்கா, கத்தரிக்காய் தேட. மேற்கே மத்தியதரைக்கடல் பழ ஈ இருக்கிறது, இந்த மாநிலத்தில் நிலைகொள்ளவில்லை. அது காய்கனியில் ஒளிந்து வந்துவிடக் கூடாதென்று மேற்கிலிருந்து வருகிற வண்டியெல்லாம் நிறுத்திப் பார்க்கிறார்கள். செல்வி விவரமானவள். முந்தின ராத்திரியே இருந்த கத்தரிக்காய், தக்காளி, பச்சைமிளகாய் அத்தனையும் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பாகிவிட்டது. சமைத்ததற்குத் தடையில்லை. அதிகாரி சட்டியைத் திறந்து பார்த்தார், கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார், விட்டுவிட்டார். ஆனால் ஃப்ரிட்ஜின் மூலையில் கிடந்த எலுமிச்சம்பழங்கள் போயே போச்சு. இந்தப் பக்கம் சிப்பிக்குப் பேர்போனது. பச்சையாக, எலுமிச்சை பிழிந்து அப்படியே விழுங்குகிறார்கள். பறிகொடுத்த எலுமிச்சையை ஊருக்குள் காசு கொடுத்து வாங்கிப் பிழிந்துகொண்டோம். நான் நாலு விழுங்கினேன். அம்மாவிடம் சொல்லாதே.

ஊர் என்றால் கடலோரம் வரிசையாகப் பைன் மரங்கள், கடலுக்குள் நீளும் ஒரு மரப் பாலம், கொஞ்சம் கடைகள். பொழுது போவது அந்தப் பாலத்தில்தான். வளைய வலையில் மீன்தலையைக் கட்டித் தண்ணீரில் இறக்குகிறார்கள், கால் மணி கழித்துச் சடாரென்று தூக்குகிறார்கள். நம் தூத்துக்குடி நீலக்கால் நண்டின் சொந்தக்காரன்தான். ஆனால் உடனே சட்டிக்குப் போகாது. பிளாஸ்டிக் அளவுச் சட்டத்தை வைத்து ஓட்டின் அகலம் பார்க்கிறார்கள். 11 சென்டிமீட்டர் இல்லையென்றால் கடலுக்கே திரும்ப. சினை நண்டையும் விட்டுவிட வேண்டும். பக்கத்துக் கேரவன் பாட்டி அரை சென்டிமீட்டர் குறைந்த ஒரு நண்டிடம் "அடுத்த வருஷம் வா" என்று சொல்லி அனுப்பியதை நானே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மறைவாகப் பையில் போட ஒருத்தருக்கும் கை போகவில்லை. நமக்குத்தான் கை துறுதுறுத்தது.

அந்தப் பாட்டியின் வீட்டுக்காரர் கோல்ஃப் ஆடுகிறார். மைதானத்தில் இல்லை, ரோட்டில்! இங்கே ஆரம்பித்துக் கால்கூர்லி வரை 1,365 கிலோமீட்டருக்கு 18 குழிகள், 2009-இல் திறந்தார்களாம். இரண்டு குழி இந்த ஊரில். மூன்றாவது பெனாங்கில், 70 கிலோமீட்டருக்கு மேல். மனிதர் இரண்டை முடித்துவிட்டு, மூன்றாவதற்குப் போக பாட்டி நண்டு பிடித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுக் கேரவன் வாங்கியவர்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் கையை மேற்கே நீட்டுகிறார்கள், அவ்வளவுதான் விலாசம்.

குழம்பு தீர்ந்துவிட்டது. பாதிக்கு மேல் அந்தப் பாட்டியின் கேரவனுக்குப் போனது. பதிலுக்கு நண்டு வருகிறது. செல்வி மிளகு போட்டு வறுக்கிறாள். பேரிங் நாளை வருமாம். "நாளைக்கே வரணுமா என்ன?" என்கிறாள் இவள்.

ஒன்று மறந்துவிடாதே. பெர்த் உன் கடிகாரத்துக்கு இரண்டரை மணி முந்தி. நடுவில் யூக்ளா என்று ஒரு குட்டி ஊர், அவர்கள் தனியாக மூணேகால் மணி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். செடுனா நாலு மணி. ஆகவே ஒன்பது மணிக்குச் சீரியல் முடிந்ததும் ஃபோன் போடாதே தாயே, இங்கே ராத்திரி ஒரு மணி. நேற்று நீ கூப்பிட்டதில் கேரவன் பார்க்கே எழுந்துவிட்டது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி