ஓராண்டு எளிமைக்காரர்

மார்கழிக் குளிருக்கும் இவருக்கும் ஏதோ தொடர்பு உண்டு. மற்ற மாதங்களில் நம்மைப் போலவே கடைக்குப் போய், நம்மைப் போலவே ஏமாந்து திரும்புகிற மனிதர், டிசம்பர் கடைசி வாரத்தில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரே நின்றுவிடுவார். "எதுக்கு இத்தனை சட்டை?" என்பார். அப்போது வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பேச்சு விவாதமாகும், விவாதம் கொள்கையாகும், கொள்கை நோட்டில் ஏறிவிடும்.

நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை என்று எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் மாடிக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வீட்டுக் கடன் அடைந்திருக்கும். பிள்ளை பெங்களூரிலோ டல்லாஸிலோ இருப்பான். வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாகிவிட்டது என்ற நிறைவு வந்த பிறகுதான் இந்த ஞானம் வருகிறது. எங்கள் எதிர் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் வந்தது. பெயர் வேண்டாம், எளிமைக்காரர் என்றே சொல்வோம்.

எளிமையின் முதல் செலவு நோட்டுப் புத்தகம். வங்கிக்காரர்கள் கொடுத்த டைரிகள் மேசை இழுப்பறையில் வெள்ளையாகக் கிடந்தன. "அதுல எழுதினா ஒரு உறுதி வராது சார்" என்று சொல்லி, ஆரோவில்லில் கையால் செய்த காகிதத்தில் துணி அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு விதி: இந்த ஆண்டு முழுவதும் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. இரண்டாம் பக்கத்திலிருந்து விதிவிலக்குகள்.

விதிவிலக்குக்கு முன்மாதிரி இருக்கிறது என்பார். அது உண்மைதான். 2006 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் சில நண்பர்கள் சேர்ந்து, ஓராண்டுக்குப் புதுப் பொருள் எதையும் வாங்குவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். 'காம்பேக்ட்' என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அவர்களும் உணவு, மருந்து, உள்ளாடை ஆகியவற்றுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். நம்மவர் அந்த உள்ளாடையைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து பனியன், பனியனிலிருந்து வேட்டி, வேட்டியிலிருந்து நேரே கதர்க் கடை. "கதர் எடுக்கறது வாங்கறதுல சேராது சார். அது ஆதரவு."

போகியன்று மற்றவர்கள் பழையதைக் கொளுத்தி ஊரையே புகைமூட்டமாக்குவார்கள். இவர் கொளுத்தவில்லை, தானம் செய்தார். முதலில் போனது மிக்ஸி. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் அதைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் அம்மிக்கல்லை இறக்கினார். லிஃப்டில் அதை ஏற்ற ஆட்டோக்காரரும் காவலாளியும் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். பொங்கலுக்கு மறுநாள்தான் ஒரு சின்னச் சிக்கல் தெரிந்தது. அம்மியில் அரைக்க வேண்டியவரும் அதே அக்காதான்.

"என் வீட்ல 2011ல கவர்மெண்ட் குடுத்த மிக்ஸி இன்னும் ஓடுது சார். இப்ப நீங்க வேற ஒண்ணு குடுத்துட்டீங்க. அங்க ரெண்டு நிமிஷத்துல சட்னி ஆயிடுது. இங்கதான் அரை மணி ஆவுது. அதுக்குத் தனியா போட்டுக் குடுங்க" என்றார் அக்கா. கொடுத்தார். எளிமையின் மாதாந்தரச் செலவு அன்று தொடங்கியது.

மாசியில் நான்ஸ்டிக் தவா போய் இரும்புத் தோசைக்கல் வந்தது. குக்கர் பரணுக்கு ஏறியது, மண்சட்டிகள் வந்தன. அவற்றைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கும் பொறுப்பு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு மண்சட்டி இருக்கும் சமையலறையில் பிளாஸ்டிக் டப்பாக்கள் கண்ணை உறுத்தின. பீங்கான் ஜாடிகள் வந்தன. ஜாடிகளுக்கு ஸ்டீல் ஸ்டாண்டு பொருந்தவில்லை. பிரெஞ்சு அறிஞர் தீதரோ 18ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதிப் புலம்பியிருக்கிறார். புதிதாக ஓர் அழகான அங்கி வந்து சேர்ந்தது. அதற்குப் பொருத்தமாக நாற்காலி, மேசை, படம் எல்லாவற்றையும் மாற்றி, கடைசியில் பழைய அங்கியை எண்ணி ஏங்கினார். அவருக்காவது அங்கியோடு போயிற்று. நம்மவர் காரைக்குடிக்கே வண்டி கட்டிவிட்டார். அங்கே பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் மர அலமாரி, உருளி, ஜாடி எல்லாம் கிடைக்கும். "நூறு வருஷத்துச் சாமான் சார். இதை எப்படிப் புதுசுன்னு சொல்றது?" விதி சிதையவில்லை. அலமாரி வீட்டுக்கு வந்ததும் ஹாலில் இருந்த சோபா சிதைந்த மாதிரி தெரிந்தது.

மஞ்சப்பைக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமே வைத்தார்கள். இவர் கொள்கை மாறாமல் மஞ்சப்பையில்தான் காய்கறி வாங்குவார். ஆனால் வீட்டிலிருந்து பையை எடுத்துப் போக மறந்துவிடுவார். மறந்த நாளெல்லாம் ஒரு புதுப் பை. அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் பைக்குள் பை, அதற்குள் பை என்று தொங்கி, இப்போது அந்தக் கதவு முழுதாகத் திறப்பதில்லை. பருத்திப் பை ஒன்றைப் பருவநிலைக் கணக்கில் மட்டும் ஈடுகட்டவே 52 முறை பயன்படுத்த வேண்டும் என்று டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் கணக்கிட்டது. அந்தக் கணக்குப்படி இவர் இன்னொரு பிறவியிலும் காய்கறி வாங்கியாக வேண்டும்.

அவர் மனைவி ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. அதிகம் பேச மாட்டார். ஒருநாள் எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போது எளிமைக்காரர் அமெரிக்க எழுத்தாளர் தோரோவைப் பற்றி ஆரம்பித்தார். 1845இல் வால்டன் குளக்கரையில் தன் கையாலேயே குடில் கட்டிக்கொண்டு போய் இருந்தவர். குடிலுக்கு மொத்தச் செலவு 28 டாலர், பன்னிரண்டரை சென்ட். "அந்த மனுஷன் காலணா விடாம கணக்கு எழுதியிருக்கான் சார்!"

"எழுதியிருக்கார்" என்றார் அந்த அம்மா. "துணியைப் பெரும்பாலும் வெளியில குடுத்துதான் துவைச்சுக்கிட்டார், அந்த பில் இன்னும் வரலைன்னும் அதே கணக்குல எழுதியிருக்கார். அந்த இடமும் அவர் சிநேகிதர் எமர்சனோடது. ஏங்க, காபி ஆறுது."

அதற்குப் பிறகு தோரோ பேச்சு எங்கள் மாடியில் எழவில்லை.

விதிகளிலேயே நுட்பமானது அன்பளிப்பு விதி: பிறர் அன்போடு தருவதை மறுக்கக் கூடாது. பார்ப்பதற்குப் பெருந்தன்மையாகத்தான் இருந்தது. ஆடி மாதம் ஒருநாள் கதவைத் தட்டினார். "சார், உங்க பேர்ல எனக்கு ஒரு ஹெட்போன் ஆர்டர் போடுறீங்களா? பணத்தை ஜிபேல போட்டுடறேன்." எனக்கு முதலில் புரியவில்லை. வாங்குகிறவன் நான், நான் அவருக்கு அன்பளிப்பாகத் தருகிறேன், அவர் எனக்கு அன்பளிப்பாகப் பணம் தருகிறார். இதில் கொள்முதல் எங்கே வந்தது? தீபாவளி நெருங்கிய வாரத்தில் பார்சல் கொண்டு வரும் பையன்கள் எங்கள் வீட்டு மணியை மட்டுமே அழுத்தினார்கள். என் மனைவி கையெழுத்துப் போட்டுச் சலித்து, "இவர் எளிமையா இருக்கறதுக்கு நாம ஏன் இவ்வளவு ஆடம்பரமா வாங்கணும்?" என்று கேட்டாள்.

மிக்ஸியின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். பங்குனியிலேயே தேங்காய்ச் சட்னிக்கு நாக்கு ஏங்கத் தொடங்கிவிட்டது. புது மிக்ஸி வாங்க விதி இடம் தராது; பழையது வாங்கலாம். அக்காவைக் கூப்பிட்டுப் பேரம் பேசினார். அக்கா ஆயிரத்தைந்நூறில் நின்றார். ஒரு ரூபாய் இறங்கவில்லை. தான் தானம் செய்த மிக்ஸியைத் தானே காசு கொடுத்து மீட்டுக்கொண்டு, "பழசு சார், செகண்ட் ஹேண்ட்" என்று மகிழ்ச்சியோடு எனக்குக் காட்டினார். அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கவில்லை. அக்காவுக்கு ஆட்களைத் தெரியும்.

இதில் கெடுதல் ஒன்றும் இல்லை என்பதுதான் என் கட்சி. கதர் நெய்தவருக்கும் சட்டி வனைந்தவருக்கும் அக்காவுக்கும் நாலு காசு போய்ச் சேர்ந்திருக்கிறது. அவருக்கும் மனநிறைவு. நஷ்டம் என்றால் அம்மிக்கல்தான். லிஃப்டில் மறுபடி இறக்க ஆள் கிடைக்காமல் பால்கனியில் செருப்பு வைக்கும் மேடையாகக் கிடக்கிறது.

உங்கள் எதிர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் ஒரு வேண்டுகோள். தை மாதம் அவர் எதைக் கொடுத்தாலும் தயங்காமல் வாங்கி வையுங்கள், பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள். பங்குனிக்குள் வந்துவிடுவார். ஆயிரத்தைந்நூறுக்குக் கீழே இறங்காதீர்கள்.