முனீஸ்வரர் சந்நிதியில் ஒரு ஸ்டியரிங்

புதுக் கார் டெலிவரி எடுக்கும் இடத்தில் இப்போதெல்லாம் ஒரு மேடையே போட்டிருக்கிறார்கள். கார்மேல் பட்டுத்துணி போர்த்தி, ரிப்பன் கட்டி, கேக் வெட்டவைத்து, ஆளுயர அட்டைச் சாவி ஒன்றைக் குடும்பத்தின் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். ஏசியை எப்படிக் கூட்டுவது, செல்போனை எப்படி இணைப்பது, அட்டைச் சாவியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எல்லாம் சொல்லித்தருகிறார்கள். நிஜச் சாவியை உருவிய பிறகு ஸ்டியரிங் என்ன செய்யும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதற்குப் படம் எடுக்க வழியில்லை போலும்.

என் மைத்துனன் கார் வாங்கியபோது நானும் கூடப் போயிருந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனாலேயே உறவில் யார் கார் எடுத்தாலும் என்னைக் கூட்டிப்போவார்கள். குறை சொல்லமாட்டேன் என்ற நம்பிக்கை.

சென்னையில் புது வண்டி எடுத்தால் நேரே போக வேண்டிய இடம் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயில். ஆர்.டி.ஓ. நம்பர்தான் கொடுப்பார், அனுமதி கொடுப்பவர் இவர். போனோம். பூசாரி சாவியை வாங்கித் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனார். பானட்டுக்கு மாலை, கண்ணாடிக்குச் சந்தனம், நான்கு டயருக்கும் ஒவ்வோர் எலுமிச்சம்பழம். சாவி சாமியிடம் இருந்த அந்த இடைவெளியில் மைத்துனனுக்கு ஓர் ஆசை வந்தது. "அப்பா, நீங்க டிரைவர் சீட்ல உக்காருங்க, ஒரு போட்டோ."

மாமா உட்கார்ந்தார். பிரச்சினை எழுந்திருப்பதில். எழுபதைத் தாண்டிய முழங்கால். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு பக்கமாக இழுத்து, தம் கட்டி எழுந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். முழங்கால் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சாவி குங்குமத்தோடு திரும்பி வந்தது. மைத்துனன் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, சாவியைப் போட்டான். திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தான். அது ஒரு விரற்கடை அசைந்து நின்றுவிட்டது. பதற்றத்தில் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தான். அதுவும் கல்லாக இறுகியது. இன்ஜின் ஓடாதபோது நாலு மிதி மிதித்தால் பெரும்பாலான கார்களில் பிரேக் அப்படித்தான் இறுகும். மிதிப்பதற்குத் துணைசெய்யும் வெற்றிடம் தீர்ந்துபோகும், அவ்வளவுதான். அவனுக்கு அது தெரியாது. காலையில் வாங்கிய காரில் மதியத்துக்குள் சாவி, ஸ்டியரிங், பிரேக் மூன்றும் போய்விட்டதாக மனசுக்குள் கணக்கு எழுதிவிட்டான்.

பின்னால் மாலை போட்ட வண்டிகள் வரிசையில் ஹாரன் அடித்தன. கூட்டம் கூடிற்று. கார் வாங்காதவர்களுக்கும் கார் பற்றிய கருத்து உண்டு என்பது நம்மூரின் பெரிய பலம்.

"பேட்டரி டவுன் சார்" என்றார் ஒருவர். ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டியதும், "அப்ப சென்சார்" என்று கட்சி மாறினார். சென்சார் என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. இன்னொருவர் குங்குமம் சாவித் துவாரத்துக்குள் போய்விட்டது என்று ஊதச் சொன்னார். ஊதினான், சட்டையெல்லாம் குங்குமம். "சாமி இன்னும் உத்தரவு குடுக்கல, இன்னொரு பழம் வைங்க" என்றாள் எலுமிச்சம்பழம் விற்கும் அம்மாள். "நியூட்ரல்ல போட்டுத் தள்ளுங்கபா" என்று ஓர் ஆட்டோக்காரர் சட்டைக் கையை மடித்தார். நல்ல மனசுதான். ஆனால் முன்சக்கரம் தேங்காய்க் கடையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தள்ளினால் அங்கேதான் போகும்.

இந்த அமளியில் மைத்துனன் மனைவி மெதுவாகச் சொன்னாள். தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவள். "ஹேண்டில் லாக் மாதிரி ஏதாவது விழுந்திருக்கும்ங்க. ஸ்டியரிங்க லேசா ஆட்டிக்கிட்டே சாவியத் திருப்பிப் பாருங்களேன்."

"அது ஸ்கூட்டி. இது கார்" என்றான் அவன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே." கார் ஓட்டத் தெரியாதவன் என்ன சொல்ல? மாலையைச் சரிசெய்தேன்.

கடைசியில் உதவி எண்ணுக்குப் போன் போட்டான். எந்த மொழி வேண்டும், எந்த மாடல், நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார்கள். முனீஸ்வரர் முன்னால் இருக்கிறேன் என்றான். பிறகு ஒரு பையன் லைனில் வந்து, "சார், ஸ்டியரிங்க லேசா ஆட்டிக்கிட்டே சாவியத் திருப்புங்க சார்" என்றான். அதே வாக்கியம்; இரண்டு 'சார்' மட்டும் கூடுதல். வண்டி கிளம்பிவிட்டது. நான்கு பழமும் நசுங்கின. அவள் ஒன்றும் பேசவில்லை. ஊர் போய்ச் சேரும்வரை பேசவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பிறகு ஆர்வத்தில் இதைப் பற்றிப் படித்தேன். சாவியை உருவியதும் ஸ்பிரிங் தள்ளும் ஓர் இரும்பு முளை ஸ்டியரிங் தண்டை நோக்கி நீளும். தண்டில் அதற்கென ஒரு பள்ளம். யாராவது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பள்ளம் நேரே வரும், முளை 'டக்' என்று விழும். டயர் முறுக்கிக்கொண்டு நின்றால் அந்த முறுக்கு முளையை நெருக்கும், சாவி திரும்பாது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இடம் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் தள்ளிப் பிடித்தால் நெருக்கம் விடும். சாவியோடு பலப்பரீட்சை செய்தால் சாவிதான் முறியும். பட்டன் ஸ்டார்ட் கார்களிலும் பலவற்றில் இந்தப் பூட்டு உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பு என்று திரையில் எழுத்து வரும் என்பதால் கூட்டம் கூடுவதில்லை.

எல்லாம் திருடனுக்காகச் செய்தது. ஒயரை இணைத்து இன்ஜினைக் கிளப்பினாலும் வளைவில் அவன் திரும்பக்கூடாது. ஜெர்மனிக்காரர்கள் முன்னாடியே இறங்கிவிட்டார்கள்; அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1969 மாடல்களில் சாவித் துவாரத்தை டேஷ்போர்டிலிருந்து ஸ்டியரிங் தண்டுக்கு மாற்றிப் பூட்டும் வைத்தது. 1970இல் சட்டமும் வந்தது. ஸ்வீடனின் சாப் கம்பெனி மட்டும் வேறு வழி போயிற்று. சாப் 99, 900 கார்களில் சாவித் துவாரம் முன்சீட் இரண்டுக்கும் நடுவில். பூட்டு கியருக்குத்தான், ரிவர்ஸில் போட்டால்தான் சாவி வெளியே வரும். நம் குடும்பங்களுக்கு அதுவே தோது என்பது என் கட்சி. பெரியவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தாராளமாக எழுந்திருக்கலாம்.

ஓனர்ஸ் மேனுவலிலும் இதெல்லாம் இருக்கிறது. மேனுவல் டேஷ்போர்டுக்குள், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. சீட்டின் உறையையே இன்னும் பிரிக்காத வீட்டில் அதை யார் பிரிப்பது?

மைத்துனன் இப்போது இந்தத் துறையில் பண்டிதன். அடுக்குமாடி பார்க்கிங்கில் யாராவது சீட்டில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் கிளம்பாமல் இருந்தால் போதும், கண்ணாடியைத் தட்டி, "லாக் விழுந்திருக்கும் சார், லேசா ஆட்டுங்க" என்கிறான். பாவம், பாதிப் பேர் போன் பேசிக்கொண்டிருக்கிறவர்கள்.

மாமாதான் ரொம்ப மாறிவிட்டார். பின்சீட்டில் உட்கார்ந்தால்கூட எதையும் பிடிப்பதில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடியே இறங்குகிறார். போன வாரம் கல்யாண மண்டபத்து வாசலில் அப்படி இறங்கினபோது, பன்னீர் தெளிக்க நின்ற பெண் பயந்து இரண்டடி பின்வாங்கிவிட்டாள்.