ஏழு பேரை ஏற்றிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 68. கம்ப்யூட்டர் கிடையாது, செல்போன் மட்டும்தான். எங்கள் வம்சாவளியைப் பதிந்து வைக்க எந்த ஆப் நல்லது?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: கூட்டுக்குடும்பமா, தனிக்குடித்தனமா? அதை முதலில் முடிவு செய்யுங்கள், டீச்சர். ஃபேமிலிசர்ச் கூட்டுக்குடும்பம். உலகத்துக்கே ஒரே மரம், காசு கிடையாது. உயிரோடு இருப்பவர்களை நீங்கள் ஏற்றினால் மற்றவர் கண்ணில் படாது. மறைந்தவர்கள் மட்டும் பொது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரை முகம் தெரியாத ஒருவர் வந்து திருத்தலாம். மைஹெரிட்டேஜ் தனிக்குடித்தனம். மரம் உங்களுடையது, 250 பேர் வரை இலவசம், மேலே போனால் சந்தா. பெரியப்பா வழி, அத்தை வழி என்று இறங்கினால் 250 சீக்கிரம் நிரம்பிவிடும். போனோடு நிற்பவருக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். கூடவே ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். யாராவது கை வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கேள்வி: ஃபேமிலிசர்ச் ஏன் இலவசம்? ஏதும் உள்நோக்கம் உண்டா?
- திருச்சி வாசகர்

பதில்: ஒளிவுமறைவு இல்லாத நோக்கம்தான். நடத்துவது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தலைமையகம் கொண்ட, மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் திருச்சபை. குடும்ப பந்தம் மரணத்தோடு அறுவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. மறைந்த முன்னோர் சார்பில் ஞானஸ்நானம் பெறும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. முன்னோரைத் தேடும் வேலையை 1894 முதல் செய்துவருகிறார்கள். இது உங்களுக்கு நெருடினால் அங்கே ஏற்றாதீர்கள். நெருடவில்லையா, தாராளமாகப் போங்கள்.

கேள்வி: லேப்டாப் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டுமா?
- கோவை வாசகர்

பதில்: பொறுமை இருக்கிறதா? அப்படியானால் கிராம்ப்ஸ். திறமூலம், முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆள், நிகழ்ச்சி, ஊர், சான்று எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துக் கோக்கும் அமைப்பு அது. முதல் வாரம் திணறுவீர்கள். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஆறு பேர் கையெழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தை ஒரு தடவை ஏற்றி, ஆறு பேரோடும் கோத்துவிடலாம். அன்றைக்கு அதன் அருமை புரியும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவருக்கு ரூட்ஸ்மேஜிக் எசென்ஷியல்ஸ் எளிது, அதற்கும் காசு இல்லை.

கேள்வி: எங்கள் அப்பா கட்டிக்கொண்டது சொந்த அக்கா மகளை. இதையெல்லாம் வெளிநாட்டு மென்பொருள் ஏற்றுக்கொள்ளுமா?
- மதுரை வாசகி

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். வம்சாவளியில் உலக வழக்கமாக ஒரு எண்முறை உண்டு. நீங்கள் 1. அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அவர் அம்மா. அப்பாவைப் பெற்றவர்கள் 4, 5. அம்மாவைப் பெற்றவர்கள் 6, 7. அந்த ஏழாம் எண் அம்மாச்சிதான் உங்கள் அப்பாவுக்கு அக்கா! அவரைப் பெற்றவர்கள் 14, 15. ஆக, 4-ம் 14-ம் ஒரே தாத்தா, 5-ம் 15-ம் ஒரே பாட்டி. நாற்காலி ஒன்பது, உட்காருபவர்கள் ஏழு பேர்.

எந்த மென்பொருளுக்கும் பணம் கட்டுமுன் இந்த ஏழு பேரை மட்டும் ஏற்றிப் பாருங்கள். அந்தத் தாத்தா பாட்டியை இரண்டாவது முறை புதிதாக உண்டாக்காமல், ஏற்கெனவே இருப்பவரையே தேடி எடுத்து இணைக்க விடுகிறதா? படத்தில் இரண்டு இடத்திலும் அதே ஆள்தான் என்று காட்டுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் வாங்குங்கள். உறவுப் பெயரில் மட்டும் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சித்தப்பாவும் மாமாவும் ஆங்கிலத்தில் ஒரே அங்கிள்தான். குறிப்புப் பகுதியில் நீங்களே எழுதி வையுங்கள்.

கேள்வி: குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு இனிஷியல்தானே?
- டொராண்டோ வாசகர்

பதில்: காலியாக விடலாம். கிராம்ப்ஸில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு, இது தந்தைவழிப் பெயர் என்று குறிக்கவும் வசதி உண்டு. பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரே முதல் பெயராக இருக்கட்டும், கணவர் இனிஷியல் மாற்றுப் பெயராக இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு தலைமுறை கழித்து அவர் யார் வீட்டுப் பெண் என்றே தெரியாமல் போகும். கனடாக் காகிதங்களில் இருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மாற்றுப் பெயராகச் சேருங்கள்.

கேள்வி: பாட்டி 'சித்தார்த்தி வருஷம் ஆடி' என்கிறார். எப்படி ஏற்றுவது?
- சேலம் வாசகர்

பதில்: அறுபது வருஷத்துக்கு ஒரு சித்தார்த்தி: 1919, 1979. பாட்டி சொல்வது எது என்று ஆளை வைத்தே புரிந்துவிடும். 1919 என்றால் ஜூலை, ஆகஸ்ட் 1919 என்று போட்டு, பாட்டி சொன்ன வார்த்தையை அப்படியே குறிப்பில் எழுதுங்கள்.

கேள்வி: கம்பெனி கடையை மூடிவிட்டால் நம் மரம் என்னாகும்?
- நெல்லை வாசகர்

பதில்: நியாயமான பயம். பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்ற வம்சாவளி மென்பொருள் 2013-ல் நின்றது. ஃபேமிலி ட்ரீ மேக்கரைக் கைவிடுவதாக 2015-ல் அறிவித்தார்கள், மறு வருஷம் வேறொரு நிறுவனம் வாங்கியதால் பிழைத்தது. காப்பு ஒன்றுதான்: கெட்காம். 1984-ல் வந்த பொதுக் கோப்பு வடிவம், அநேகமாக எல்லா வம்சாவளி மென்பொருளும் படிக்கும். வருஷத்துக்கு ஒரு தரமாவது கெட்காமில் இறக்கி வையுங்கள். படங்கள் பெரும்பாலும் அதோடு வராது, தனியே நகல் எடுங்கள்.

இறக்கிய கோப்பைத் திறந்தும் பாருங்கள். நான் பார்க்கவில்லை. பழைய மென்பொருள் ஒன்றிலிருந்து எடுத்த கோப்பில் தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றும் வரிசையாகக் கேள்விக்குறி. 340 பேரை மறுபடி தட்டினேன். இறக்கும்போது எழுத்துக் குறிமுறையை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்திருந்தால் தப்பியிருக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல் யாரிடமாவது இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அம்மா என்ற சொல்லின் நடுவே அரைப்புள்ளி வந்து உட்காரும்.

கேள்வி: அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திக்கு மரத்தை அச்சடிக்க ஆசை. முடியுமா?
- விழுப்புரம் வாசகி

பதில்: பிடிஎஃப் ஆக எடுத்து பிளெக்ஸ் கடையில் கொடுங்கள். எழுத்துப் பெரிதாக, ஓரத்தில் இடம் விட்டு. சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் மாட்டி, நூலில் இரண்டு மார்க்கர் கட்டித் தொங்கவிடுங்கள். பெரியப்பாவின் சதாபிஷேகத்தில் நான் அப்படித்தான் செய்தேன். மாலைக்குள் பதினொரு திருத்தம். அத்தையின் கையெழுத்தில் ஒன்று: தன் பெயருக்குக் கீழே நான் போட்டிருந்த மூன்று பிள்ளைகளுக்கு முன்னால், நடுங்கும் கோட்டில் இன்னொரு பெயர். பிறந்து மூன்று நாள்தான் இருந்ததாம். வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.