கண்ணைக் குத்தும் சாமி

தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் குழந்தை பெறும் சமயக் கல்வி எழுத்தறிவுக்கு முற்பட்டது. கடவுளை 'உம்மாச்சி' என்ற மழலைச் சொல்லால் சுட்டப் பழகிய ஒரு வயதுப் பிள்ளை, 'சாமி கும்பிடு' என்றதும் இரு கைகளையும் சேர்த்துக் காட்ட, வீட்டார் மகிழ்ந்து விருந்தினர் வரும்போதெல்லாம் அதையே மறுபடி செய்யச் சொல்வதால், கும்பிடுவது சாமிக்காகவா சித்தப்பாவுக்காகவா என்னும் ஐயம் அதற்குத் தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிடுகிறது. 'டாட்டா' காட்டுவதும் இதே பாடத்திட்டத்தில் அடங்குமாதலால், இரண்டையும் குழப்பிக்கொண்டு, தீபாராதனை நடக்கும் வேளையில் கருவறையை நோக்கிக் கையசைத்து விடைபெறும் குழந்தைகளும் உண்டு.

அடுத்த நிலையில் கற்பிக்கப்படுவது இறைவனின் தண்டனை அதிகாரம். பொய் சொன்னாலும், படைப்பதற்கு முன் சுண்டலில் கை வைத்தாலும், கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாலும் 'சாமி கண்ணைக் குத்தும்' என்பதே பாட்டிமார் வகுத்த ஒரே சட்டப்பிரிவாகும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இதற்குச் சான்று தேடினால், அங்கே குருதி வடிவது இறைவனின் கண்ணிலேயே. அதைத் தடுக்கத் தம் கண்ணைத் தாமே அகழ்ந்து அப்பியவர் கண்ணப்பர். மறு கண்ணையும் அகழ முற்பட்டபோது கையைப் பிடித்துத் தடுத்தவர்தாம் இறைவன். சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சூளுறவை மீறித் திருவொற்றியூரின் எல்லையைக் கடந்த சுந்தரர் பார்வையிழந்தது உண்மையே ஆயினும், கீரையை ஒதுக்கிய குற்றத்திற்காக எவருக்கும் கண் போனதாகச் சேக்கிழார் பாடவில்லை.

தோப்புக்கரணம் இன்னும் சிக்கலானது. கைகளால் காதுகளைப் பற்றுதல் என்று பொருள்படும் 'தோர்பி கர்ணம்' என்ற வடமொழித் தொடரின் திரிபாகக் கருதப்படும் இச்சொல், பிள்ளையார் விழுங்கிய சக்கரத்தை மீட்பதற்காகத் திருமால் காதைப் பிடித்து உட்கார்ந்தெழுந்து அவரைச் சிரிக்கவைத்த கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பிள்ளையார் முன் மூன்று முறை செய்தால் பக்தி என்றும், வீட்டுப்பாடம் எழுதாத நாளில் வகுப்பறையில் ஐம்பது முறை செய்தால் தண்டனை என்றும் பெரியவர்கள் காணும் வேறுபாடு குழந்தைக்கு எளிதில் விளங்குவதில்லை. கோயிலில் பக்தியோடு தோப்புக்கரணம் போடும் தாத்தாவைப் பார்த்து, அவர் என்ன தப்புச் செய்தார் என்று அது உரக்கக் கேட்டுவிடுவதில் வியப்பில்லை.

இத்தனை பாடங்களிலும் பிள்ளைகள் இம்மியும் பிசகாமல் கடைப்பிடிக்கும் நெறி ஒன்று உண்டு. சரசுவதி பூசையன்று புத்தகங்களைப் பூசையில் வைத்துவிட வேண்டும், விசயதசமியன்று எடுக்கும் வரை அவற்றைப் படிக்கலாகாது என்னும் மரபே அது. முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் கணக்குப் புத்தகமாக இருக்கும். மறுநாள் தேர்வு இருந்தாலும் தெய்வக் குற்றத்திற்கு அஞ்சிப் புத்தகத்தைத் தொட மறுக்கும் உறுதியைப் பிற விரதங்களில் அவர்களிடம் காண்பது அரிது.

உண்மையில் பெரியவர்கள் வெறும் வழக்கமாகக் கருதிக் கற்பிப்பதைக் குழந்தைகள் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சாமிக்குப் படைக்கிறோம் என்று சொல்லும் தாய், கொழுக்கட்டைகளின் எண்ணிக்கை குறையாது என்ற துணிவோடுதான் படைக்கிறாள். குறையாததைக் கண்டு கவலைப்படுவது பிள்ளை மட்டுமே. பிற்காலத்தில் திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் இளமைக் கதை இதற்குச் சிறந்த சான்று. திருநாரையூரில், உளியால் பொள்ளப்படாதவர் என்னும் பொருளில் பொள்ளாப் பிள்ளையார் எனப்பட்டு, வழக்கில் பொல்லாப் பிள்ளையாராகிவிட்டவருக்குத் தந்தைக்கு மாற்றாக நிவேதனம் செய்யச் சென்ற சிறுவன், அவர் உண்ணாததைக் கண்டு தன் தவறென்றே கருதிக் கல்லில் தலையை முட்டிக்கொள்ள, பிள்ளையார் முழுவதையும் உண்டுவிட்டதாக வரலாறு கூறும். அத்தனை ஆண்டுகள் முறைப்படி பூசை செய்த தந்தைக்கு நேராத சிக்கல் இது. சிறுவனோ அதோடு விடாமல், நேரமாகிவிட்டது, இனிப் பள்ளிக்குப் போனால் ஆசிரியர் அடிப்பார், ஆகவே பாடத்தையும் நீயே சொல்லிக்கொடு என்று பிள்ளையாரிடம் அடுத்த விண்ணப்பத்தை வைத்தான்.