டீ ஃபார் திண்டுக்கல்

புதுச்சேரி வேதபுரீஸ்வரர் மேல் என் பாட்டிக்கு அளவு கடந்த பக்தி. அதன் பலனை நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். டி.பி.வேதபுரீஸ்வரன் என்கிற பெயரைத் தமிழில் எழுதினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதையே போனில் இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிச் சொல்லிப் பாருங்கள். டீ, பீ, வீ, ஈ, டீ... அதற்குள் எதிர்முனைப் பெண், “சார், முதல்லேர்ந்து வாங்க” என்பாள். முதலிலிருந்து வந்தாலும் அதே ஈ-தான்.

என் பல்செட்டின் மேல் பழி போடுகிறாள் உமா. உமா என் மனைவி. அது அநியாயம். குற்றவாளி ரோமாபுரிக்காரன். இழுத்துச் சொல்லக்கூடிய ஒலிகளுக்கு முன்னால் ஓர் எகரத்தை வைத்து எஃப், எல், எம், என், எஸ் என்று பெயரிட்டான். பட்டென்று வெடித்து நின்றுவிடும் ஒலிகளுக்குப் பின்னால் ஏகாரத்தை ஒட்டி ‘பே’, ‘டே’ என்றான். அத்தோடு விட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்துக்காரன் வாயில் நெடில் உயிர்களெல்லாம் இடம் மாற ஆரம்பித்து, ஏ-க்கள் ஈ-க்களாகிவிட்டன. பி, சி, டி, ஈ, ஜி, பி, டி, வி என்று எட்டுப் பேர் ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். (அச்சுக்கோப்பவரைத் திட்டாதீர்கள். தமிழில் எழுதினால் பி-யும் டி-யும் இரண்டிரண்டு தடவை வரத்தான் செய்யும்.) அமெரிக்காக்காரன் தன் பங்குக்கு இசட்டை ‘ஜீ’யாக்கி ஒன்பதாவது ஆளையும் சேர்த்துவிட்டான். என் பேத்தி அந்த ஜீ கட்சி. ஏபிசிடி பாட்டு 1835இல் பாஸ்டனில் பதிப்புரிமை வாங்கிய சரக்கு, கடைசியில் ஜீ என்றால்தான் இயைபு பொருந்துகிறது. நான் இசட் என்று பாடினால், “தாத்தா, நீ பாடாதே” என்கிறாள். இசட் கட்சியில் இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

ஈ கோஷ்டியைத் தாண்டினாலும் என் பெயரில் எஸ் ஒன்று காத்திருக்கிறது. எஃப்புக்கும் எஸ்ஸுக்கும் வேற்றுமை காட்டுவது ஒரு மெல்லிய சீறல். டெலிபோனோ காலம் காலமாக 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே போகிற சத்தத்தை வெட்டி எறிந்துவிடும். சீறலின் முக்கால்வாசி அங்கேதான் குடியிருக்கிறது. ஆகவே போனில் நான் வேதபுரீஃப்வரன்.

இந்தத் தொல்லை விமானிகளுக்கும் இருந்திருக்கிறது. அவர்களுக்கு 1956இலேயே ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல் அமலுக்கு வந்துவிட்டது. வி-க்கு விக்டர், பி-க்கு பாப்பா. எனக்கு இது மனப்பாடம். ஆனால் மின்விசிறி வாங்குவதற்காக ஒரு கடைக்குப் போன் செய்தபோது அந்தப் பெண், “வி ஃபார்?” என்று கேட்டாளே, விக்டர் எந்தப் பக்கம் ஓடினானோ தெரியவில்லை. “வேதபுரீஸ்வரன்” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மிகவும் பொறுமையாக, “சரி சார். இனிஷியல்?”

“டீ. டீ ஃபார் திண்டிவனம்.” சொந்த ஊராயிற்றே, கம்பீரமாகத்தான் சொன்னேன்.

“திண்டுக்கல்லா சார்?”

“எதுவா இருந்தா என்னம்மா, ரெண்டுக்கும் தி-தானே!”

தமிழில் தி-தான். இங்கிலீஷில் திண்டிவனம் ஒரு டி, திண்டுக்கல் இன்னொரு டி. ரயில்வே ஸ்டேஷன் பலகையில் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறேன், அது அன்றைக்கு ஞாபகம் வந்தால்தானே! மின்விசிறி வந்த அன்று எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன் கீழேயிருந்து மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும்படி கத்தினார்: “சார், இங்க பேடா பூரி யாரு?”

நாலு வீட்டு ஜன்னல் திறந்தது. பெட்டியைப் பார்த்தேன். வி, பி-யாகியிருந்தது. பெயர் நீளம் என்று ‘பூரி’யோடு நிறுத்தியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை என்னை “வாங்க பேடா சார்” என்கிறார். ‘பூரி’யை விட்டதில் அவருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

உமாவுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. யூ, எம், ஏ. மூன்றே எழுத்து, மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். ஹெச் என்று அவளும் எய்ச் என்று நானும் சண்டை போடுவோம். (வட அயர்லாந்தில் அதை வைத்தே எதிராளி கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்று ஊகித்துவிடுவார்களாம்.) ஆனால் அவள் பெயரில் அந்த எழுத்தும் இல்லை. இப்போதெல்லாம் போனில் கேட்டால் நான் உமா என்று சொல்லிவிடுகிறேன். கேஸ், இன்டர்நெட், தண்ணீர் கேன், எல்லாமே உமா.

நேற்று சிலிண்டரோடு வந்த தம்பி பில்லை ஒரு தடவை, என் மீசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, “உமா சார்?” என்றான்.

“நான்தான்ப்பா, உள்ளே வை” என்றேன்.